ஆயிரம் கிலோமீட்டர் ஆவறதுக்குள்ள

போன வாரம் இங்க புனேல, கராடிலேர்ந்து ஒரு பொண்ண என் டாக்ஸில ஏத்திக்கினு வந்தேன். ஐடி கம்பெனில வேல, ஊரு மதுர பக்கமாம். நான் தமிழ்னு தெரிஞ்சதும் பின்சீட்டுலேர்ந்து முன்னாடி சாஞ்சிக்கினு பேச ஆரமிச்சிடுச்சி. புதுசா கார் எடுத்திருக்குதாம்.

"அக்கா, புது வண்டிய மொத ஆயிரம் கிலோமீட்டரு மெதுவாத்தான் ஓட்டணுமாமே? ஷோரூம்ல அதெல்லாம் அந்தக் காலங்கிறாங்க. எங்க மாமா, இல்ல இல்ல மெதுவா ஓட்டித்தான் ஆகணுங்கிறாரு. நீங்க டிரைவர்ல, நீங்க சொல்லுங்க."

சிக்னல் பச்ச ஆயிடுச்சி, பின்னாடி ஹாரன் மேல ஹாரன். நான் ஸ்டியரிங்க புடிச்சிக்கினு அப்டியே நிக்கிறேன். அப்புறம், "புக்ல இன்னா போட்டிருக்கோ அதும்படி ஓட்டுமா"ன்னு சொல்லிட்டு வண்டிய எடுத்தேன். அந்தப் பொண்ணு பாவம், ஏதோ தப்பா கேட்டுட்டோம்னு நெனச்சி போன பாக்க ஆரமிச்சிடுச்சி.

ஏரவாடால நம்ம சந்துல என்கூட வளந்த புள்ளைங்களே, இத உங்களுக்குத்தான் சொல்றேன். இப்ப நீங்க ஆளுக்கொரு பக்கம் இருக்கீங்க. அப்பா செத்தப்ப குரூப்ல எல்லாரும் கையெடுத்துக் கும்புடற படம் போட்டீங்க. நீங்கல்லாம் அவர மராட்டிக்காரங்க மாதிரி காக்கான்னுதான கூப்புடுவீங்க, சித்தப்பாங்கிறதுக்கு. "காக்கா ரொம்ப நல்லவரு, அத்தைக்கும் அவருக்கும் இன்னா சண்டைனே தெரியல"ன்னு ஒருத்தி எழுதியிருந்தா. எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும். எனக்குத் தமிழு படிக்க வரும், எழுத அவ்ளோ வராது. போன்ல பேசறேன், அதுவா எழுதுது. தப்பு இருந்தா நீங்களே சரி பண்ணி படிச்சிக்கோங்க.

அந்த செவப்பு வண்டி உங்களுக்கு ஞாபகம் இருக்குமே. பாட்வா அன்னிக்கு, மராட்டி வருசப் பொறப்புக்கு எடுத்தது. எனக்கு அப்ப பதினோரு வயசு. நம்ம சந்துல மொத கார் அதான். வீட்டுவீட்டுக்கு மூங்கில்ல பட்டுத்துணி கட்டி குடி நட்டு வெச்சிருக்காங்க, வேப்பெல தொங்குது, அதுக்கு நடுவுல அப்பா நத்த மாதிரி ஓட்டிக்கினு வராரு. நீங்கல்லாம் பின்னாடியே ஓடி வந்தீங்க. ஓடி வந்து வண்டிய தாண்டியும் போய்ட்டீங்க, அவ்ளோ மெதுவா.

அத்ததான் ஆரத்தி எடுத்துச்சி. அத்தைன்னா அப்பாவோட அக்கா. எதுத்த மாடில ஒத்த ரூம்ல தனியா இருந்துச்சே, அதான். தோட்டா ஃபேக்டரில வேல. அங்க வேல பாத்த அத்தையோட புருசன் செத்ததுக்கு அந்த வேல குடுத்தாங்க. இருவது வருசத்துக்கு மேல பாத்துச்சி. நல்ல தாட்டியான ஒடம்பு. அது படி எறங்கினா கீழ் வீட்டு ஆளுங்க நிமிந்து பாப்பாங்க. ஆரத்திய சுத்தி, சக்கரத்துக்கு எலுமிச்சங்கா வெச்சி, தட்ட அம்மா கைல குடுத்துட்டு நேரா போய் முன்கதவ தொறந்துச்சி. உக்காறப் போச்சி.

"யக்கா, இப்ப வாணாம்"னாரு அப்பா.

"ஏன்டா?"

"ஆயிரம் கிலோமீட்டர் ஆவட்டும். அதுவரைக்கும் பாரம் ஏத்தக்கூடாது."

சந்தே சிரிச்சிச்சி. நானும் சிரிச்சேன். கேரேஜ் சாச்சா இருக்காரே, ஒரு கண்ணு கொஞ்சம் மாறுகண்ணு, அவரு பீடிய வாய்லேர்ந்து எடுத்துட்டு, "அரே பாய், பெஹ்லே தின் ஸே பகாவ்!"னாரு. மொத நாள்லேர்ந்தே வெரட்டணுமாம், இல்லன்னா வண்டி ஆயுசுக்கும் சோம்பேறியா போயிடுமாம். ஷோரூம்காரனும் அதெல்லாம் தேவையே இல்ல, இன்ஜின் ரெடியாத்தான் வருதுன்னான். ஆனா அப்பாக்கு ரெண்டு பேரு பேச்சும் காதுல ஏறல. அவரு போசரில ஒரு சின்ன கம்பெனில சிலிண்டர் உள்ளாற இழைக்கிற மிசின்ல நிக்கிறவரு. இத்தினி வருசமா அடுத்தவன் வண்டிக்கு இழைச்சவரு, இப்ப சொந்தமா ஒண்ணு வாங்கியிருக்காரு. விடுவாரா?

அத்தையும் சிரிச்சிச்சி. சிரிச்சிக்கினே கதவ மெதுவா, சத்தமே வராம மூடிச்சி. அந்தக் கதவ அவ்ளோ மெதுவா மூடினது இன்னிவரைக்கும் அது ஒருத்திதான்.

"சரிடா. ஆயிரம் ஆவட்டும். அடுத்த மாசக் கடைசில எனக்கு ரிட்டயர்மெண்ட்டு. அன்னிக்கு ஃபேக்டரி கேட்டுக்கு உன் வண்டி வரணும். அது மட்டும் போதும் எனக்கு."

"வருவேன்க்கா. ஆயிரம் ஆனதும் சொல்லி அனுப்பறேன்."

ஃபேக்டரி ரிட்டயர்மெண்ட்டு எப்டின்னு உங்களுக்குத் தெரியும். கடைசி நாளு ஆளுக்கு மால போட்டு, குலால் கலர்ப்பொடி பூசி, கேட்டுக்கு வெளிய டோல் மேளம் அடிச்சி, வீட்டு ஆளுங்க வண்டிய சோடிச்சி எடுத்துக்கினு வந்து கூட்டிக்கினு போவாங்க. நடந்து போனவங்க, பஸ்ல போனவங்கன்னு யாரும் கெடையாது. வண்டி இல்லாதவங்க கூட ஜீப் புடிப்பாங்க. அத்த கூட வேல செய்ற பொம்பளைங்க நாங்க ஜீப் சொல்லட்டுமான்னு கேட்டாங்களாம். "எதுக்கு? என் தம்பி கார் கொண்டாருவான்"னு அத்த சொல்லிடுச்சி.

மறுநாள்லேர்ந்து அப்பா வண்டிய பழக்க ஆரமிச்சாரு. காலைல ஷிஃப்டுக்கு முன்னாடி தெனம் ஆளந்தி வரைக்கும் போய்ட்டு வர்றது. வேலைக்கு மட்டும் கம்பெனி பஸ்லயே போவாரு, அங்க நிறுத்தினா இரும்புத் தூசு படியுமாம். கோட லீவு உட்டாச்சி, நானும் வரேன்னேன். "நீ முப்பது கிலோகூட இல்ல, வா"ன்னாரு.

சீட்டு மேல இருந்த பிளாஸ்டிக் கவர பிரிக்க விடல. கவுன் போட்டு உக்காந்தா தொடைல ஒட்டிக்கும், எழுந்தா பர்ருனு சத்தம் வரும். புது பெயிண்ட்டு, ரப்பரு, அம்மா கட்டி உட்ட மல்லி, எல்லாம் சேந்து ஒரு வாசன. விஷ்ராந்த்வாடி தாண்டி திகி ரோட்டுல ஏறினா அப்பா கண்ணு முள்ளு மேலயே இருக்கும். நாப்பதுல கொஞ்ச நேரம், அம்பதுல கொஞ்ச நேரம், மறுபடி நாப்பது. ஒரே ஸ்பீடுல போவக்கூடாதாம், மிதிக்கவும் கூடாதாம். பின்கண்ணாடில மராட்டில எழுதி ஒட்டியிருந்தாரு, புது வண்டி, தாண்டிப் போங்கன்னு. தாண்டறவன் சும்மா தாண்டுவானா? ஒரு பஸ் டிரைவரு தலய வெளிய உட்டு, "ஓ காக்கா! காடியா பைல்காடியா?"ன்னான். மாட்டு வண்டியாங்கிறான். அப்பா கைய ஆட்டி, "ஆமாண்ணே, மாட்டுக்கு இன்னும் பல்லு மொளைக்கல"ன்னு தமிழ்லயே சொன்னாரு. நான் வயித்தப் புடிச்சிக்கினு சிரிச்சேன்.

வீட்டுல அப்பா பேசவே மாட்டாரு, தெரியும்ல. வருவாரு, கைல இருக்கிற கிரீஸ மண்ணெண்ணெ போட்டு தொடைப்பாரு, துண்ணுவாரு, படுத்துடுவாரு. ஆனா ஆளந்தில ஆத்துப் படிக்கிட்ட வண்டிய ஆற உட்டுட்டு ஒரு டீய ரெண்டா ஊத்திக்கினு உக்காந்தா பேசுவாரு. சிலிண்டர் உள்ளாற குறுக்கயும் நெடுக்கயும் கோடு கோடா இருக்குமாம், கைரேக மாதிரி. பிஸ்டன் ரிங்கு அதுல ஒரசி ஒரசி அதுக்கேத்த எடத்துல உக்காருமாம். "அவசரப்பட்டா உக்காராது. வெளில தெரியாது. உள்ளார எண்ணெ குடிச்சிக்கினே இருக்கும், வருசக்கணக்கா"ன்னாரு. அவரு சின்ன வயசுல ஆத்துல வுழுந்தது, அக்கா முடியப் புடிச்சி தூக்கினது, எல்லாம் அங்கதான் சொன்னாரு. எனக்கு அந்த ஒரு மாசம்தான் அப்பா. அதுக்கு முன்னாடியும் இல்ல, பின்னாடியும் இல்ல.

சாயங்காலம் அத்த வேல முடிஞ்சி வரும். மாடிப்படிலேர்ந்தே கூப்புடும். ஃபேக்டரி கேன்டீன் பன்ன பேப்பர்ல சுத்தி கொண்டாரும், ஓரத்துல சக்கர ஒட்டியிருக்கும்.

"எத்தினி ஆச்சு?"

"நூத்தி அறுவது அத்த."

"எத்தினி ஆச்சு?"

"முன்னூறு அத்த."

தம்பிய போய் கேக்காது. "பாரம்னான்ல. நான் போய் கெஞ்சணுமா? அவனே சொல்லி அனுப்பட்டும்"னு சொல்லிச்சி, சிரிச்சிக்கினேதான் சொல்லிச்சி. ரோஸ் கலர்ல ஒரு பொடவ எடுத்து வெச்சிருந்துச்சி. என்கிட்ட மட்டும் காட்டிச்சி. "செவப்பு வண்டிக்கு இது நல்லாருக்குமாடி?"

ஒருநாளு பன்ன பிச்சி குடுத்துக்கினே, "ஆயிரம் ஆயிட்டா நீ எதுக்குடி காலங்காத்தால எழுந்திருக்கிற? நல்லா தூங்கு. நான் முன்சீட்டுல உக்காந்துக்கினு ஆளந்தி போய் சாமி கும்புட்டு வரேன்"னுச்சி.

அது வெளயாட்டுக்குத்தான் சொல்லிச்சி. இப்பத் தெரியுது. அன்னிக்கு எனக்கு என் சீட்டு போவுதுன்னுதான் பட்டுச்சி. மீட்டர்ல அன்னிக்கு நானூத்தி அறுவது. "எத்தினி ஆச்சு?"ன்னு கேட்டப்ப நானூத்தி முப்பதுன்னேன். ஒண்ணும் ஆவல. வானம் ஒண்ணும் இடிஞ்சி வுழல. மறுநாளு இன்னும் கொஞ்சம் கொறச்சேன். அப்புறம் எனக்கு கணக்கு பழகிடுச்சி. ஸ்கூல்ல கழித்தல் வராத பொண்ணு நானு, இதுல மட்டும் ஒரு நாளு கூட மாட்டல.

மாசக் கடைசிக்கு நாலு நாளு இருக்கச்சொல்ல, ஆளந்திக்கு கொஞ்சம் முன்னாடி, அப்பா வண்டிய ஓரங்கட்டி மீட்டர காட்டினாரு. மூணு ஒம்போதும் ஒண்ணா திரும்பி ஆயிரம் ஆச்சி. அப்பா ஸ்டியரிங்க தொட்டு கண்ணுல ஒத்திக்கினாரு. ஆளந்தில ரெண்டு பேடா வாங்கினாரு. ஒண்ணு எனக்கு. ஒண்ண பேப்பர்ல மடிச்சி என் கைல வெச்சி, "அத்தைக்கு குடு. ஆயிரம் ஆச்சின்னு சொல்லு"ன்னாரு.

அத நம்ம தண்ணி டேங்க் பின்னாடி நின்னு நானே துண்ணுட்டேன். ஏலக்கா வாசன கைல இருக்கும்னு கொழாய்ல கழுவினேன். சாயங்காலம் அத்த கேட்டுச்சி. எழுநூத்தி பத்துன்னேன்.

கடைசி நாளுக்கு மொத நாளு ராத்திரி சாப்டுட்டு அப்பா, "எத்தினி மணிக்கு கேட்டுக்கு வரணும்னு அத்தைய கேட்டுக்கினு வா"ன்னாரு. அவரே போவலாம், நாலு எட்டு. பாரம்னு சொன்னது அவருக்கும் உறுத்திக்கினே இருந்துச்சின்னு நெனக்கிறேன். மாடிப்படி பாதி வரைக்கும் போனேன். உள்ள அத்த பாட்டு முணுமுணுத்துக்கினு பொடவைய இஸ்திரி போடுது, தண்ணி தெளிச்சி தேக்கிற வாசன வருது. அன்னிக்கு சாயங்காலம்தான் எழுநூத்தி எண்பதுன்னு சொல்லியிருந்தேன். இப்ப உள்ள போனா எல்லாம் தெரிஞ்சிடும். படிலயே கொஞ்ச நேரம் உக்காந்திருந்தேன். எறங்கி வந்து அப்பாகிட்ட, "அத்த வாணாங்குது. ஃபேக்டரில ஜீப் வெச்சிருக்காங்களாம்"னேன்.

"அப்டியா சொல்லிச்சி?"

"ஆமா."

அப்பா தட்டுலயே கைய கழுவினாரு. "சரி"ன்னாரு.

ஆனா மறுநாளு அரநாளு லீவு போட்டாரு. போட்டுட்டு வந்து சந்து மொனைல வண்டிய கழுவினாரு. நான்தான் பைப்பு புடிச்சேன். அம்மா, "அதான் வாணாம்னு சொல்லிட்டாங்கல்ல, இன்னா கழுவிக்கினு"ன்னுச்சி. அப்பா, "ஒருவேள ஆள் அனுப்பினா"ன்னாரு. செவந்தி மால கூட வாங்கி டிக்கில வெச்சிருந்தாரு. அத நான் பாத்தேன். அப்பவாவது வாயத் தொறந்திருக்கலாம். மணி மூணுதான் ஆவுது. பத்து நிமிசத்துல போயிருக்கலாம்.

அஞ்சு மணிக்கு ஷேர் ஆட்டோ ஒண்ணு வந்து நின்னுச்சி. நாலு பேருக்கு நடுவுலேர்ந்து அத்த எறங்கிச்சி. ரோஸ் பொடவ. மூஞ்சில, முடில எல்லாம் குலால். கைல ஒரு பிளாஸ்டிக் பை, அதுல அவங்க போட்ட மாலைய மடிச்சி வெச்சிருந்துச்சி.

அப்பா ஈரத்துணியோட நிக்கிறாரு. வண்டி பளபளன்னு நிக்குது. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கினாங்க. அத்த வண்டிய ஒருவாட்டி பாத்துச்சி, பக்கெட்ட பாத்துச்சி. அப்டியே தாண்டி போயிடுச்சி. படியேறுற சத்தம் ரொம்ப நேரம் கேட்டுச்சி.

அப்பா அம்மாகிட்ட மெதுவா சொன்னாரு: "ஜீப்புன்னு சொல்லிச்சே. என் வண்டில ஏறக்கூடாதுன்னே பொய் சொல்லியிருக்குது."

என் கைல பைப்பு. தண்ணி என் காலு மேலயே கொட்டிக்கினு இருந்துச்சி.

ஒரு மாசத்துல அத்த ரூம காலி பண்ணிட்டு குடியாத்தத்துல மக வீட்டுக்குப் போயிடுச்சி. அப்பா ஸ்டேசனுக்குப் போவல. அப்புறம் கல்யாணம் காட்சின்னா அம்மாவுக்குத்தான் போன் வரும். சொல்லணும் சொல்லணும்னு இருந்தேன். பன்னெண்டு வயசுல அடி வுழும்னு பயம். பதினஞ்சுல வெக்கம். பத்தாவதோட ஸ்கூல உட்டு, வண்டி கத்துக்கினு, வேலைக்குப் போனப்புறம், பழசுதான, இப்ப சொல்லி இன்னா ஆவப்போவுதுன்னு இருந்துட்டேன்.

இந்த மழைல அப்பா படுத்தாரு. ஆஸ்பத்திரில ஒரு மத்தியானம், அம்மா டீ வாங்கப் போயிருந்துச்சி. கண்ண மூடிக்கினே கேட்டாரு. "ஏம்மா, அன்னிக்கு அத்த நெசமாவே ஜீப்புன்னு சொல்லிச்சா?"

அவ்ளோ வருசம் கழிச்சி. வேற எதுவும் இல்ல, அத கேக்குறாரு.

நான் ஆமாப்பான்னேன்.

ஏன்னு என்ன கேக்காதீங்க. நர்ஸ் இருந்தாங்க, சலைன் ஏறிக்கினு இருந்துச்சி, இதக் கேட்டு ஏதாவது ஆயிடுமோன்னு இருந்துச்சி, இப்டி நூறு சொல்லலாம். எல்லாம் பொய்யி. எனக்கு அவரு மூஞ்சிய பாக்க பயம், அவ்ளோதான். நாலு நாள்ல போயிட்டாரு.

பதினாறாம் நாளு காரியத்துக்கு அத்த வந்துச்சி. ஒடம்பு பாதியா எளச்சிடுச்சி. கண்ணாடி போட்டிருக்குது. அழுவல. அப்பா படத்துக்கு முன்னாடி உக்காந்து தரையவே பாத்துக்கினு இருந்துச்சி. அப்பாவோட செவப்பு வண்டிய தொடைக்கலாம்னு நான் போனப்ப, முன்னாடி டப்பால சர்வீஸ் புக்கு கெடச்சிச்சி. பின்பக்கத்துல அப்பா எழுதி வெச்சிருக்காரு. அந்த மாசம் ஒவ்வொரு நாளும், தேதி, மீட்டரு. மிசின்ல அளவு எழுதுற பழக்கம். பேடா வாங்கின நாளுக்கு நேரா ஆயிரத்தி நாலுன்னு எழுதி, பக்கத்துல அக்கான்னு எழுதியிருந்தாரு.

மறுநாளு அத்தைய புனே ஸ்டேசன்ல உடணும். அம்மா ஆட்டோ சொல்றேன்னுச்சி. நான் கொண்டு போறேன்னேன். அத்த வண்டிகிட்ட வந்து நின்னுச்சி. முன்கதவ தொறந்து உட்டேன். உக்காந்துச்சி. பன்னெண்டு வருசம் கழிச்சி. சீட்டு கவரெல்லாம் என்னிக்கோ கிழிஞ்சி போச்சி.

பண்டு கார்டன் பாலத்துக்கு முன்னாடி நெரிசல்ல நிக்கச்சொல்ல, புக்க எடுத்து அது மடில வெச்சேன். வெரல வெச்சி ஒவ்வொண்ணா படிச்சிச்சி.

"ஆயிரத்தி நாலா? நீ எழுநூத்திச் சொச்சம்தான சொன்ன. கடைசியா எழுநூத்தி எண்பது."

அந்த நம்பர் அதுக்கு ஞாபகம் இருக்குது.

"ஆமா அத்த. பொய் சொன்னேன்."

எல்லாத்தையும் சொன்னேன். பேடா, படி, ஜீப்பு, டிக்கில இருந்த மால. முன்னாடி பாத்துக்கினே சொன்னேன். வண்டி நாப்பதுகூட போவல, பின்னாடி எல்லாம் ஹாரன்.

"ஆயிரம் ஆவலன்னாலும் வந்துடுவான்னு நின்னேன்டி," அத்த சொல்லிச்சி. "அரமணி நேரம். டோல் அடிக்கிறவன் கூட போயிட்டான். அவனுக்கு என்ன விட இன்ஜின் பெருசா போச்சேன்னு நெனச்சேன்."

ஸ்டேசன் வந்துச்சி. பைய எடுத்துக்கினு எறங்கிச்சி. கதவ மூடாம குனிஞ்சி கேட்டுச்சி.

"அவன்கிட்ட சொன்னியா?"

"இல்ல."

"அவன் கேட்டானா?"

"கேட்டாரு. ஆஸ்பத்திரில."

"இன்னா சொன்ன?"

"ஜீப்புன்னுதான் சொன்னேன்."

"அப்ப நான் பொய் சொன்னேன்னு நெனச்சிக்கினே போயிட்டான்"னுச்சி. கதவ மூடிச்சி. சத்தம் வரல. திரும்பிப் பாக்காம போயிடுச்சி. போலீஸ்காரன் விசில் அடிச்சி பானெட்ட தட்டுற வரைக்கும் நான் அங்கயே நின்னேன்.

அந்த மதுர பொண்ணுக்கு நான் சரியா பதில் சொல்லல. பழைய வண்டி அளவுக்கு இப்ப தேவையில்ல, ஆனா மொத ஆயிரம் மிதிக்காம ஓட்டினா நல்லதுதான். பாத்தா சொல்றேன்.

அத்த போய் ரெண்டு வாரம் போன எடுக்கல. மூணாவது ஞாயித்துக்கெழம எடுத்துச்சி. சாப்டியான்னு கேக்கல, அம்மா எப்டி இருக்குதுன்னு கேக்கல.

"வண்டி எத்தினி ஆச்சு?"

கீழ ஓடிப் போய் பாத்து சொன்னேன். ஒரு லட்சத்தி பன்னெண்டாயிரத்தி நானூத்தி ஆறு.

"போட்டோ எடுத்து அனுப்பு"ன்னுச்சி.

இப்ப ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் கேக்குது. ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் போட்டோ எடுத்து அனுப்பறேன்.